மணிக்கு 17 தடவை விழும் பிள்ளை

திருவனந்தபுரம் ஆரியசாலையில் என் அக்கா வீட்டு வாசலுக்கு இரண்டு படி. கீழ்ப்படியின் ஓரத்தில் சிமென்ட் பெயர்ந்து உள்ளே செங்கல் தெரியும். போன ஆவணியில் அந்த ஓரத்தில் மோதித்தான் அக்காவின் பேத்தி உதட்டைக் கிழித்துக்கொண்டாள். பிள்ளைக்கு அப்போது 13 மாதம். தனியாக அடி எடுத்து வைக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும்.

வாயில் பட்ட அடிக்கு ரத்தம் அதிகம் வரும். எதிர்க்கடைக்காரர் ஐஸ் கொண்டுவந்தார். ஒருவர் சர்க்கரை வைக்கச் சொன்னார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குத் தயாராக நின்றார். சாலைக் கம்போளத்தை ஒட்டிய தெருக்கள் அப்படித்தான். ஒரு வீட்டுப் பிள்ளை வீறிட்டால் பத்துக் கடை எட்டிப் பார்க்கும். சற்று நேரத்தில் ரத்தம் நின்றது. இரண்டு நாளில் வீக்கமும் வடிந்தது. ஆனால் பிள்ளை நடக்கவில்லை.

நிற்கவைத்துக் கையை விட்டால் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிடுவாள். பழையபடி தவழத் தொடங்கிவிட்டாள். தவழ்வதில் அவள் கெட்டிக்காரி. கூடத்து மூலையிலிருந்து அடுக்களை வரைக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்வாள். எலும்பில் ஏதாவது இருக்குமோ என்று குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அந்தப் பயம் நியாயமானது. இந்த வயதில் கால் திருகி விழுந்தாலே முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் மெல்லிய கீறல் விழலாம். வெளியே வீக்கம்கூடத் தெரியாமல் போகும். விழுந்த பிள்ளை காலை ஊன்றவே மறுத்தால், அல்லது நொண்டினால், அன்றைக்கே காட்டிவிட வேண்டும். இவள் மருத்துவரின் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் திடமாக நின்றாள். எங்கே அழுத்திப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை. காலில் ஒன்றுமில்லை, பயந்திருக்கிறாள், அவளாக வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவளாக வரட்டும் என்று விடுவது வீட்டில் யாருக்கும் முடியவில்லை. "எட்டி, பிள்ளய எடு, படிப்பக்கம் போகுது" என்ற குரல் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கேட்டது. இடுப்பிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து மடிக்குமாகப் பிள்ளை மாறிக்கொண்டே இருந்தாள். மருமகன் ஒருநாள் சக்கரம் வைத்த வாக்கர் வாங்கிவந்தார். அதில் உட்காரவைத்ததும் அவள் நுனிவிரலால் தரையை உந்திக்கொண்டு கூடமெங்கும் பறந்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் எல்லோர் முகமும் தெளிந்தது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

பிள்ளைகள் எவ்வளவு விழுகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணியவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கேரன் அடால்ஃப், 12 முதல் 19 மாதம் வரையான பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விளையாடவிட்டுப் படம்பிடித்தார். அவருடைய குழு ஒவ்வோர் அடியையும் ஒவ்வொரு விழுதலையும் எண்ணிக் குறித்தது. 2012இல் வெளிவந்த அந்தக் கணக்கின்படி ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறது. 701 மீட்டர் நடக்கிறது, அதாவது பந்தய மைதானத்தை ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்று. 17 தடவை விழுகிறது. புதிதாக நடக்கத் தொடங்கிய பிள்ளைகள் இன்னும் அதிகம் விழுந்தார்கள்.

இதைப் படித்த பிறகு அந்த ஆவணி வாரத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். படியில் விழுந்தது மட்டும்தான் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, ரத்தம் வந்ததால். அதற்கு முந்தைய ஆறேழு நாளில் அவள் நூற்றுக்கணக்கில் விழுந்திருப்பாள். விழுந்த வேகத்தில் எழுந்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

தவழ்வதில் தேர்ந்த பிள்ளை எதற்காக அதை விட்டுவிட்டு, தள்ளாடி விழும் நடைக்கு மாறுகிறது? அடால்ஃப் அதையும் கணக்கிட்டார். புது நடைக்காரர்கள் மணிக்கு அதிகத் தடவை விழுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் போகும் தூரமும் அதிகம். தூரத்தால் வகுத்துப் பார்த்தால் தவழும் பிள்ளையைவிட நடக்கும் பிள்ளை அதிகமாக விழுவதில்லை. தலை நிமிர்ந்து தூரத்தில் இருப்பதையும் பார்க்க முடிகிறது, போகிற வழியில் எதையாவது கையில் எடுத்துக்கொள்ளவும் முடிகிறது.

இதே ஆய்வாளரின் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு அக்கா வீட்டுப் படியை விளக்கியது. செங்குத்தான சரிவின் விளிம்பில் தயங்கி நிற்கத் தவழும் பிள்ளைக்குத் தெரியும். பல வாரம் தவழ்ந்து பழகிய அறிவு அது. அதே பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயங்காமல் கால் வைத்து விழுகிறது. தவழ்ந்து கற்றது நடைக்கு உதவுவதில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்கவேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளை பத்தாம் மாதத்திலேயே அந்தப் படி வரை தவழ்ந்து போய், நின்று, திரும்பி வருவாள். 'இவளுக்குப் படி தெரியும்' என்று நாங்கள் அசந்திருந்தோம். தவழ்கிறவளுக்குத்தான் தெரிந்திருந்தது. நடக்கிறவளுக்கு அன்றுதான் அது முதல் படி.

எப்போது நடக்கவேண்டும் என்ற கவலைக்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்டது. இந்தியப் பிள்ளைகள் தில்லியைச் சேர்ந்தவர்கள். தனியாக நடப்பது 8.2 மாதத்திலும் நிகழலாம், 17.6 மாதத்திலும் நிகழலாம்; இரண்டுமே இயல்பு. அந்தப் பிள்ளைகளில் 100க்கு நான்கு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடைக்குப் போய்விட்டார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "ஒன் கணக்கெல்லாம் சரிதான். நாளைக்குப் பிள்ளைக்கு இன்னொரு தடவ மண்ட ஒடஞ்சா நீ வந்து நிப்பியா?" என்று கேட்டாள். அவள் கேட்டது தப்பில்லை. பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

ஆனால் வாக்கர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கனடா 2004இல் இந்தச் சக்கர வாக்கரை விற்கவே கூடாது என்று தடைசெய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2001இலும் 2018இலும் தடை கேட்டிருக்கிறது. காரணம் படிதான். பிள்ளை நிதானமில்லாத வேகத்தில் வந்து வண்டியோடு தலைகுப்புற விழும். நடையையும் அது கற்றுத்தருவதில்லை. பிள்ளை உட்கார்ந்துகொண்டு நுனிக்காலால் உந்துகிறதே தவிர, உடம்பின் பாரத்தைக் காலில் தாங்கப் பழகுவதில்லை. நம் ஊர் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு ஜாதி. பிள்ளை தன் காலில் நிற்கவேண்டும், தன் கையால் தள்ளவேண்டும். வண்டி முன்னால் ஓடிவிட்டால் பிள்ளை பொத்தென்று உட்காரும், வண்டியும் நின்றுவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். வாக்கரை மருமகன் பரணில் ஏற்றிவிட்டார். நான் நாகர்கோவிலிலிருந்து ஒரு நடைவண்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்த ஊருக்கு எல்லோரும் பத்மநாபசுவாமி கோயிலைத் தேடி வருகிறார்கள். பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் திருவனந்தபுரம் கொடுத்த கொடை ஒன்று இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையத்தை உருவாக்கிய டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும் 1991இல் ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். 'திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை' என்று இந்த ஊர்ப் பெயரிலேயே இந்தியா முழுவதும் குழந்தை மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள். முகம் பார்த்துச் சிரிப்பது முதலில். தலை நிற்பது, குப்புறப் புரள்வது, ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பொருளை மாற்றுவது, எதையாவது பிடித்து எழுந்து நிற்பது, தனியாக நடப்பது, இரண்டு சொல் பேசுவது, பின்னால் நடப்பது, கைபிடித்துப் படியேறுவது, கடைசியாகப் பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது.

ஒவ்வொரு செயலும் ஒரு பட்டை. இந்த மாதத்தில் சில பிள்ளைகளுக்கு வரும், இந்த மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு வந்துவிடும் என்று பட்டையின் இரண்டு முனைகள் காட்டும். பிள்ளையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்கவேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துவிட்ட பட்டைகளில் எதையாவது பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால் மேற்கொண்டு சோதிக்க அனுப்பவேண்டும். பென்சில் பட்டையின் நடுவில் விழுந்தால் இன்னும் அவகாசம் இருக்கிறது என்று பொருள். ஐந்தாறு நிமிட வேலை. பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம், ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும் போதும். அங்கன்வாடிப் பணியாளரே செய்துவிடலாம். படிப்பு, பணம், பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் தப்பிவிடக் கூடாது என்று யோசித்துச் செய்த காரியம் இது. அதற்காகவே அந்த மருத்துவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு.

அந்த அட்டவணையில் கைதட்டி விளையாடுவதும் ஒரு செயல். பார்த்தவுடன் எனக்குப் பிள்ளைத்தமிழ்தான் நினைவுக்கு வந்தது. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டித் தலை நிமிர்த்தும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம், தளர்நடை போட்டு வரச்சொல்லும் வருகைக்கு ஒரு வயதை ஒட்டிய காலம் என்று நம் புலவர்கள் பருவம் பிரித்துப் பாடினார்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களால்தான் அப்படிப் பிரிக்க முடியும்.

அட்டவணைச் சோதனை என்பது சல்லடைதான். டென்வர் என்னும் வளர்ச்சிச் சோதனை முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தாமதம் உள்ள மூன்று பிள்ளைகளில் இருவரைத்தான் இந்த அட்டவணை பிடித்தது. ஒருவர் நழுவிவிடுகிறார். அதனால் அட்டவணையில் தேறிவிட்டாலும், கூடவே இருக்கும் தாய்க்கோ பாட்டிக்கோ ஏதோ சரியில்லை என்று பட்டால் மறுபடி காட்டுவதே சரி. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரைக்கும் பிறந்த தேதியிலிருந்து கணக்குப் போடக்கூடாது. பிறந்திருக்கவேண்டிய தேதியிலிருந்து போடவேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆரியசாலைக்கே உரிய கவலை ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் வீடுகள் இவை. பிள்ளை வீட்டில் தமிழ் கேட்கிறது, தெருவில் மலையாளம் கேட்கிறது, இரண்டரை வயதில் பிளே ஸ்கூலுக்குப் போனால் இங்கிலீஷ் கேட்கிறது. பேச்சு கொஞ்சம் தாமதமானால் உடனே வரும் அறிவுரை, "பிள்ளையைக் குழப்பாதீங்க, ஒரே பாஷையில் பேசுங்க" என்பது. விடச்சொல்வது எப்போதும் தமிழைத்தான். மூன்று வீடு தள்ளி ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆயிற்று. பாட்டி பேரனிடம் தனக்குச் சரியாக வராத மலையாளத்தில் பேசத் தொடங்கினாள். கதை நின்றது, பாட்டு நின்றது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இதை உலகம் முழுக்க ஆராய்ந்து தெளிந்துவிட்டார்கள். எண்ணுகிற விதத்தில்தான் தப்பு நடக்கிறது. எங்கள் பிள்ளை பாட்டியிடம் 'தண்ணி' என்கிறாள், பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் 'வெள்ளம்' என்கிறாள். மதில்மேல் உட்கார்ந்திருப்பது இங்கே 'பூனை', அங்கே 'பூச்ச'. தமிழை மட்டும் எண்ணினால் இரண்டு, மலையாளத்தை மட்டும் எண்ணினாலும் இரண்டு. பிள்ளையிடம் இருப்பது நான்கு. இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொல்லும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்க்கலாம் என்றால், இரண்டு மொழிச் சொல்லையும் கூட்டித்தான் எண்ணவேண்டும். குழந்தை வளர்ச்சி மையமே மூன்று வயது வரைக்குமான பேச்சை அளக்க 33 செயல்கள் கொண்ட தனி அளவுகோல் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது.

எண்ணிக் கூட்டியும் குறைந்தால் முதலில் காதைச் சோதிக்கவேண்டும். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கும் வீடுகளில், பிள்ளைக்கு ஒன்றுமே கேட்காமல் ஒரு வருஷம், இரண்டு வருஷம் போய்விடுகிறது. மூளை மொழியை வாங்கிக்கொள்ளும் சிறந்த காலம் அதுதான். 1997இல் தொடங்கிய தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் ஆக்குளத்தில் இருக்கிறது. கைக்குழந்தையின் காதையும் இன்றைக்குச் சோதித்துவிட முடியும்.

தயக்கத்துக்கும் தாமதத்துக்கும் நடுவே கோடு போடத் தெரியவேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு நடைபோட மறுப்பது, தம்பி பிறந்ததும் மறுபடி பாயை நனைப்பது, புது வீட்டுக்குப் போனால் ஒரு வாரம் மடியை விட்டு இறங்காதது எல்லாம் வரும், போகும். 12 மாதமாகியும் மழலைச் சத்தமோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால், முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டால், எந்த வயதானாலும் அந்த வாரமே காட்டவேண்டும். சீக்கிரம் போவதற்குப் பலன் உண்டு என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. எஸ்.ஏ.டி. மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய 800 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் தாய்மாருக்கு மட்டும் வீட்டிலேயே செய்யவேண்டிய தூண்டுதல் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் அளந்தபோது அந்தப் பிள்ளைகள் அறிவிலும் அசைவிலும் முன்னே நின்றார்கள். 2009இல் வெளிவந்த ஆய்வு அது. பயிற்சியைச் செய்தவர்கள் தாய்மார்தான், தங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து.

எங்கள் பிள்ளைக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் ஒருநாள் அக்கா முறுக்கு டப்பாவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் டப்பா, மூடி இறுகிவிட்டது. பிள்ளை முன்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். அக்கா முந்தானையைச் சுற்றித் திருகினாள், வரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பினாள், வரவில்லை. தரையில் இரண்டு தட்டு தட்டி மறுபடி திருகியதும் 'டப்'பென்று திறந்தது. பிள்ளை கைதட்டினாள். பிறகு டப்பாவை வாங்கி மூடியைத் தானே திருகத் தொடங்கினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் விடவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 15 மாதப் பிள்ளைகளை வைத்து இதுபோன்ற சோதனை செய்து 2017இல் எழுதினார்கள். பெரியவர் ஒருவர் கஷ்டப்பட்டு ஒரு டப்பாவைத் திறப்பதைப் பார்த்த பிள்ளைகள், சட்டென்று திறப்பதைப் பார்த்த பிள்ளைகளைவிடத் தங்கள் முறை வந்தபோது அதிகத் தடவை முயன்றார்கள். நாம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் லாவகமாகச் செய்துகாட்டுகிறோம். தடுமாறுவதையும் அவர்கள் பார்க்கவேண்டியிருக்கிறது.

அன்றைக்குப் பிறகு அக்கா கொஞ்சம் மாறினாள். சட்டையை மாட்டிவிட்டுக் கடைசி இழுப்பைப் பிள்ளைக்கு விட்டாள். தோசையைப் பிய்த்துப் போட்டு வாய்க்குக் கொண்டுபோவதை அவளிடமே விட்டாள். பாதி தரைக்குப் போயிற்று, பாதி வாய்க்குப் போயிற்று. 'சமத்து, தங்கம்' என்று கொஞ்சுவதோடு, 'விடாம செஞ்சிட்டியே' என்றும் சொல்லப் பழகினாள். சிகாகோவில் 53 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சை 14 மாத வயதிலிருந்து பதிவுசெய்தவர்கள் 2013இல் சொன்னது இது: செய்த முயற்சியைச் சொல்லிப் பாராட்டுவதை அதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஏழெட்டு வயதில் கடினமான வேலையை அதிகம் விரும்பினார்கள்.

நடை திரும்பியது சாவிக்கொத்தால். அக்கா வீட்டுச் சாவியும் அலமாரிச் சாவியும் கோத்த பெரிய கொத்து அது. ஒரு சாயங்காலம் பிள்ளை நாற்காலியைப் பிடித்து நின்றபோது அக்கா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து அதைக் குலுக்கினாள். பிள்ளை பார்த்தாள். உட்கார்ந்து தவழப் போனாள். அக்கா கொத்தைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டாள். பிள்ளை மறுபடி எழுந்து நின்றாள். ஒரு கையை விட்டாள், அப்புறம் மறுகையை விட்டாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

விழுந்த பிள்ளை முதலில் பார்ப்பது தன் காயத்தை அல்ல, நம் முகத்தை. பிள்ளை அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கை முன்னால் வந்து பாதியில் நின்றதை நான் பார்த்தேன். அந்தக் கையை நிறுத்த அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"எந்திரி மக்களே" என்றாள். அவ்வளவுதான். பிள்ளை இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி, ஆடி ஆடி நிமிர்ந்து, நான்கடி வைத்து வந்து சாவியைப் பிடுங்கினாள்.

நவராத்திரிக்கு நான் மறுபடி போனேன். பத்மநாபபுரத்திலிருந்து வரும் மூன்று தெய்வங்களில் வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலில்தான் தங்குவார். ஒன்பது நாளும் தெரு நிறைந்திருக்கும். விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்குப் போவார். அதே காலையில் ஊரெங்கும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளை மடியில் வைத்து, விரல் பிடித்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுதவைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டு அழும். 'படிப்பு வராதோ' என்று சில தாய்மார் முகம் வாடும். நின்ற கோடு போட விரலுக்கு இரண்டு வயதாகும், வட்டம் போட மூன்றாகும். எழுத்து அதற்கும் எவ்வளவோ பின்னால்.

எங்கள் பிள்ளைக்கு 15 மாதம். எழுத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. தெருவில் மேளம் கேட்டதும் அக்காவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். பெயர்ந்த படியில் மருமகன் சிமென்ட் பூசியிருந்தார், ஓரம் மழுங்கியிருந்தது. மேல்படியில் நின்று கீழே பார்த்தாள். உட்கார்ந்தாள். ஒரு காலை நீட்டித் தடவிப் பார்த்தாள், எட்டவில்லை. திரும்பி வயிற்றைப் படியில் வைத்து இரண்டு காலையும் இறக்கினாள். கீழ்ப்படியில் கால் பட்டதும் நிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

மேளம் பக்கத்தில் வந்துவிட்டது. அக்கா அவளைத் தூக்கித் தெருவைக் காட்டக் குனிந்தாள். பிள்ளை கையைத் தட்டிவிட்டு, வந்த வழியே மறுபடி மேலே ஏறத் தொடங்கினாள்.